வீட்டுக்குள் இரண்டு பாஷை

போன வியாழக்கிழமை வகுப்பில் அந்த மேஜை கவிழ்ந்ததிலிருந்து, கைபேசி அடித்தாலே சாவித்ரி கையிலிருப்பதைப் போட்டுவிடுவாள். பள்ளியாக இருக்குமோ என்று ஓடுவாள். காஸ் ஏஜென்சியாக இருக்கும். இருந்தாலும் அந்தப் படபடப்பு அடங்க நேரமாகும்.

நடந்தது பெரிய விஷயமில்லை என்றுதான் வீட்டில் எல்லோரும் சொல்லிக்கொண்டார்கள். மகன் நவநீத் பத்தாம் வகுப்பு. ஆட்டிசம் உள்ள பிள்ளை என்று வகுப்பில் எல்லோருக்கும் தெரியும். ஜன்னலோரம் இரண்டாவது பெஞ்சு அவனுடையது. பரீட்சைக்காக யாரோ இடங்களை மாற்றினார்கள். அவனிடம் முன்கூட்டிச் சொல்லவில்லை. தன் இடத்தில் வேறொருவன் உட்கார்ந்திருப்பதைப் பார்த்து நின்றான். கேட்டான். மறுபடியும் கேட்டான். பின்னாலிருந்து சிலர் சிரித்தார்கள். மேஜையைப் பிடித்து இழுத்தான். அது சாய்ந்து ஒரு பையனின் காலில் விழுந்து நகம் பெயர்ந்துவிட்டது.

இன்று பெற்றோர் இருவரும் பிள்ளையோடு வர வேண்டும் என்று தலைமையாசிரியை ஸ்வப்னா டீச்சர் சொல்லி அனுப்பியிருந்தார்.

"வந்துடுவேளோல்லியோ?" என்று காலையில் கணவனிடம் கேட்டாள். வெங்கடேஸ்வரனுக்கு விழிஞ்ஞத்தில் வேலை. துறைமுகத்தில் சரக்கு கையாளும் ஒரு கம்பெனியில் கணக்குப் பிரிவு. இதற்கு முன் பள்ளியில் கூப்பிட்ட போதெல்லாம் ஏதாவது ஒரு கப்பல் வந்து சேர்ந்து அவனைக் காப்பாற்றியிருக்கிறது.

"வரேன்னு சொல்லியாச்சே. பத்தரைக்கு நேரா ஸ்கூல் வாசல்ல நிப்பேன்," என்றான். ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு, சாப்பிட்டுக்கொண்டிருந்த மகனைப் பார்த்தபடி குரலைத் தணிக்காமலே சேர்த்துக்கொண்டான். "அங்க வந்து இவன் ஏதாவது படுத்தாம இருந்தா சரி."

நவநீத்தின் பக்கம் திரும்பியதும் சாவித்ரியின் நாக்கும் தானாக மலையாளத்துக்குத் திரும்பிக்கொண்டது.

"மோனே, இன்னு ஆத்யம் ஹெச்.எம்மின்டெ ரூம். அது கழிஞ்ஞு கிளாஸ்."

முதலில் தலைமையாசிரியை அறை, அப்புறம் வகுப்பு. அன்றைய நாள் எப்படி நடக்கும் என்று காலையிலேயே சொல்லிவிட வேண்டும். சொல்லிவிட்டால் அவனுக்குப் பாதி பாரம் குறையும்.

"அது கழிஞ்ஞு கிளாஸ்," என்று அவனும் சொல்லிப் பார்த்துக்கொண்டு தோசையைச் சதுரமாகக் கிழித்தான்.

பெற்ற பிள்ளையிடம் அவள் மலையாளத்தில் பேசுவதை வலியசாலைத் தெருவில் முதலில் வேடிக்கையாகப் பார்த்தார்கள். பிறகு பழகிவிட்டது. மூன்று வயதாகியும் நவநீத்துக்குப் பேச்சு வராதபோது, அன்று பார்த்த தெரபிஸ்ட் கண்டிப்பாகச் சொன்னார். இரண்டு பாஷை குழந்தையைக் குழப்பும், ஒன்றை விடுங்கள், பள்ளிக்கூடத்து பாஷையே வீட்டிலும் இருக்கட்டும் என்று. அன்று மாலையிலிருந்தே அவள் விட்டுவிட்டாள். மலையாளம் அவளுக்குத் தண்ணீர் பட்ட பாடுதான். இந்த ஊரில் பிறந்து, இந்த ஊரில் படித்து, வெள்ளயம்பலத்தில் ஓர் அரசு அலுவலகத்தில் வேலையும் பார்ப்பவள். ஆனால் கொஞ்சுவதற்கும் திட்டுவதற்கும் அவளுக்கு வருவது தமிழ். அந்த இரண்டையும் மலையாளத்தில் செய்யக் கற்றுக்கொண்டாள்.

பேச்சு வந்தது. நல்ல மலையாளம். வீட்டுத் தமிழ் மட்டும் அவனைச் சுற்றிக்கொண்டு போயிற்று. நாளாக நாளாக அது பெரியவர்கள் சாத்திக்கொள்ளும் கதவு மாதிரி ஆகிவிட்டது. அவனை வைத்துக்கொண்டே அவனைப் பற்றிப் பேச அதைவிட வசதி வேறில்லை.

இன்றைக்கு அரை நாள் லீவு. லீவு கேட்கும்போது மேலதிகாரி முகத்தைப் பார்க்காமலிருக்க அவள் எப்போதோ பழகிவிட்டாள்.

வெங்கடேஸ்வரன் சொன்னபடி பள்ளி வாசலில் வந்து நின்றிருந்தான். சட்டையெல்லாம் துறைமுக ரோட்டுப் புழுதி. வராமல் போவான் என்று எதிர்பார்த்துத் தயாரித்து வைத்திருந்த கோபம் வீணாகி, சாவித்ரிக்கு இன்னும் களைப்பாக இருந்தது.

தலைமையாசிரியை அறையில் ஜிஷா டீச்சரும் இருந்தாள். நவநீத் போன்ற பிள்ளைகளுக்காக வாரத்தில் சில நாள் வருகிற சிறப்பு ஆசிரியை. பாறசாலைக்காரி, தமிழும் மலையாளமும் கலந்து பேசுவாள்.

நவநீத் சுவரோர நாற்காலியில் உட்கார்ந்தான். மின்விசிறியின் சத்தம் பிடிக்காமல் ஒரு காதை உள்ளங்கையால் மூடிக்கொண்டு ஜன்னல் கம்பிகளைப் பார்த்தான்.

ஸ்வப்னா டீச்சர் கெட்டவரில்லை. அதுதான் சிரமம். கெட்டவராக இருந்தால் சண்டை போடலாம். காயம்பட்ட பையனின் அப்பா இரண்டு தடவை வந்துவிட்டார், நிர்வாகம் கேள்வி கேட்கிறது, இது பத்தாம் வகுப்பு என்று வருத்தமாகவே எடுத்துச் சொன்னார். கடைசியில்தான் விஷயத்துக்கு வந்தார். பெயரை இங்கிருந்து எடுத்துக்கொண்டு ஓப்பன் ஸ்கூலில் சேர்த்துவிட்டால் என்ன? வீட்டிலேயே இருந்து, அவன் வேகத்தில் படித்து, எப்போது முடியுமோ அப்போது எழுதலாம். அவனுக்கும் நிம்மதி, எல்லோருக்கும் நிம்மதி.

"மேடம், அவனோட இடத்தை மாத்தப் போறோம்னு முந்தின நாள் ஒரு வார்த்தை சொல்லியிருந்தா அன்னைக்கு ஒண்ணும் ஆயிருக்காது," என்றாள் ஜிஷா. "பரீட்சைக்கு எழுத ஆள் வைக்கலாம், கூடுதல் நேரம் கேக்கலாம். இதெல்லாம் அவனுக்கு உள்ளதுதானே. சத்தம் தாங்கலைன்னா வந்து உக்கார லைப்ரரியில ஒரு மூலை போதும்."

"ஒரு குட்டிக்கு வேண்டி கிளாஸ் முழுக்க…" என்று, ஒரு பிள்ளைக்காக வகுப்பு முழுவதும் மாறுவதா என்பது போல ஆரம்பித்த ஸ்வப்னா டீச்சர் முடிக்காமல் பெற்றோரைப் பார்த்தார்.

வெங்கடேஸ்வரன் மனைவியின் பக்கம் சாய்ந்தான். தமிழுக்கு மாறிக் குரலைத் தாழ்த்திக்கொண்டான். டீச்சர்களுக்குக் கேட்கக் கூடாதென்றுதான் தாழ்த்தினான். இந்த ஊரில் தமிழ் புரியாதவர்கள் குறைவு.

"ஒத்துண்டுடலாம் சாவித்ரி. எத்தனை நாள் இப்படி வந்து தலை குனிஞ்சுண்டு உக்காரறது? இவன் ஆத்துல இருக்கட்டும். இவனுக்கு ஸ்கூல் ஒத்துவரலை. அவ்வளவுதானாக்கும்."

அவள் மறுத்திருக்க வேண்டும். வேறு நாளாக இருந்தால் மறுத்திருப்பாள். இன்று அவளுக்குள் ஒன்றும் மிச்சமில்லை. காலையில் எழுந்து பல் தேய்ப்பதிலிருந்து ஒவ்வொன்றையும் முன்கூட்டிச் சொல்லி, சொல்லியபடி நடக்க வைத்து, நடக்காதபோது அவனைத் தாங்கி, பிறர் முகத்தைத் தாங்கி, அலுவலகத்தில் அதைக் காட்டிக்கொள்ளாமல் இருந்து…

"சரி," என்றாள். "எனக்கும் தாங்கலை. இவனை இழுத்துண்டு ஓடியோடி நான் ஓஞ்சு போயாச்சு. இருக்கட்டும் ஆத்துலயே."

"இவன் ஆத்துல இருக்க மாட்டான்."

யார் பேசினார்கள் என்று சாவித்ரிக்கு ஒரு கணம் விளங்கவில்லை. வெங்கடேஸ்வரனின் குரல் போல இருந்தது. அதே இழுப்பு, அதே ஏற்ற இறக்கம். ஆனால் அவன் வாய் மூடியிருந்தது.

நவநீத் ஜன்னல் கம்பியிலிருந்து பார்வையை எடுக்கவில்லை. காதிலிருந்து கையையும் எடுக்கவில்லை.

"இவனுக்கு ஸ்கூல் வேணும்," என்றான். "ஜன்னல்கிட்ட ரெண்டாவது பெஞ்சு. இவன் மேஜையை இழுக்க மாட்டான். அவ்வளவுதானாக்கும்."

வெங்கடேஸ்வரன் ஹெல்மெட்டின் வாரைப் பிடித்துக்கொண்டு மகனையே பார்த்தான்.

ஜிஷா எழுந்துபோய் நவநீத்தின் அருகில் குந்தினாள். மலையாளத்தில், மெதுவாக, அந்தப் பையனின் காலில் மேஜை விழுந்தது தெரியுமா என்று கேட்டாள்.

தெரியும் என்றான். "ஞான் சாரி பறஞ்ஞு. அவன் கேட்டில்லா. எல்லாரும் பஹளம்." நான் சாரி சொன்னேன், எல்லோரும் கூச்சலிட்டதில் அவன் காதில் விழவில்லை.

ஸ்வப்னா டீச்சர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி போட்டுக்கொண்டார். கிறிஸ்துமஸ் பரீட்சை வரைக்கும் பார்ப்போம் என்றார். பெஞ்சு திரும்பவும் அவனுக்கே. லைப்ரரி மூலைக்கும் ஏற்பாடு செய்யலாம். அதற்குள் இன்னொரு தடவை ஏதாவது நடந்தால் தன்னால் ஒன்றும் செய்ய முடியாது. அந்தப் பையனின் வீட்டுக்குப் பெற்றோர் ஒருமுறை போய் வருவது நல்லது.

"போறேன்," என்றான் வெங்கடேஸ்வரன்.

இன்று இத்தனை பேச்சுக்குப் பிறகு நவநீத் வகுப்பில் உட்கார வேண்டாம், வீட்டுக்கு அழைத்துப் போங்கள் என்று ஜிஷாதான் சொன்னாள். திட்டம் மாறுகிறது என்பதை அவனுக்கு அவளே விளக்கினாள். அவன் இரண்டு முறை கேட்டு உறுதி செய்துகொண்டு ஒத்துக்கொண்டான். வராந்தாவில் ஜிஷா சாவித்ரியின் முழங்கையைத் தொட்டு நிறுத்தினாள்.

"ஒரு காரியம் கேக்கட்டா அம்மா? வீட்ல அவன்கிட்ட தமிழ் பேசறதே இல்லையா?"

"இல்லை. சின்ன வயசுல தெரபிஸ்ட் வேண்டாம்னு சொன்னார். நாங்களும் விட்டுட்டோம்."

"அன்னைக்கு அவங்களுக்குத் தெரிஞ்சது அது. இப்ப யாரும் அப்படிச் சொல்றதில்ல. வீட்டு பாஷைய விட வேண்டாம்னுதான் சொல்றோம்." கொஞ்சம் தயங்கினாள். "மலையாளத்துல அவன் 'ஞான்'னு தெளிவா சொல்றான். தமிழ்ல மட்டும்தான் 'இவன்'. கவனிச்சீங்களா?"

சாவித்ரி கவனிக்கவில்லை. வெங்கடேஸ்வரன் ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு, "சாயங்காலம் வரேன்," என்று மட்டும் சொல்லிவிட்டுப் போன பிறகு, ஆட்டோவில் ஏறி உட்கார்ந்த பிறகுதான் அது மெல்ல உள்ளே இறங்கியது.

தம்பானூரில் பஸ்கள் முட்டிக்கொண்டு நின்றன. ஆட்டோ நகரவில்லை. நவநீத் காதில் ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டு கண்ணை மூடியிருந்தான்.

தமிழில் யாரும் அவனை ஒரு நாளும் 'நீ' என்று கூப்பிட்டதில்லை. இவன், அவன், இவனுக்கு, இவனை. 'நீ' என்று யாராவது சொன்னால்தானே 'நான்' என்று பதில் வரும்? அவனைச் சேராத ஒரு பேச்சை அவன் ஓரத்தில் உட்கார்ந்து கேட்டிருக்கிறான். அதிலிருந்தே ஒரு பாஷையைப் பொறுக்கிச் சேர்த்திருக்கிறான். தன் பெயர் அதில் 'இவன்' என்று நினைத்திருக்கிறான்.

அடுத்தது அதைவிட மோசமாக இருந்தது. என்னவெல்லாம் பேசினோம்? சமையலறையில், தொலைபேசியில், தூங்கப் போகுமுன், அவன் பக்கத்தில் உட்கார்ந்திருக்க, தமிழ்க் கதவு சாத்தியிருக்கிறது என்ற தைரியத்தில். தன் அக்காவிடம் அழுதது. எதிர்வீட்டு மாமி வந்து துக்கம் விசாரிக்கிற குரலில் விசாரித்தபோது அவளும் அதே குரலில் பதில் சொன்னது. வெங்கடேஸ்வரன் ஒரு சண்டையில், உன் பொறந்தாத்துல யாருக்கோ இது இருந்திருக்கணும் என்றது. அதற்கு அவள் திருப்பிச் சொன்னது.

"சேச்சி, வலியசாலை எவிடெயா?" என்று இறங்க வேண்டிய இடத்தை ஆட்டோக்காரர் கேட்டார். இரண்டாவது முறை கேட்ட பிறகுதான் அவளுக்கு உறைத்தது.

அலுவலகத்துக்கு மீதி அரை நாளும் வரவில்லை என்று செய்தி அனுப்பினாள். நவநீத் சாப்பிட்டுத் தூங்கினான். அவளுக்குத் தூக்கம் வரவில்லை. கழுவிய பாத்திரத்தையே மறுபடி கழுவினாள்.

மகள் விஷ்ணுப்ரியா ஐந்தரைக்கு வந்தாள். பி.காம். முடித்து, நகரத்தில் ஓர் ஆடிட்டர் அலுவலகத்தில் வேலை பார்க்கிறாள். தம்பியைவிட ஏழு வயது பெரியவள். பள்ளியில் நடந்ததைச் சாவித்ரி சொல்லி முடிக்கும்வரை கைப்பையைக் கூடத் தோளிலிருந்து இறக்காமல் கேட்டாள்.

"எனக்குத் தெரியும்மா," என்றாள்.

"என்ன தெரியும்?"

"அவனுக்குத் தமிழ் புரியும்னு. அஞ்சாறு வருஷமாத் தெரியும். ஒரு நாள் உன்கிட்ட, ஃப்ரீசர்ல பின்னாடி ஐஸ்க்ரீம் ஒளிச்சு வெச்சிருக்கேன், அவன்கிட்ட சொல்லாதேன்னு சொன்னேன். அடுத்த நிமிஷம் எழுந்து போய் எடுத்துண்டு வந்துட்டான்."

"ஏன் சொல்லலை நீ?"

விஷ்ணுப்ரியா பையை இறக்கி வைத்தாள். "சொன்னா என்ன பண்ணிருப்பேள்? அவன் முன்னாடி பேசறதை நிறுத்திருப்பேள். அவனுக்கு இந்த ஆத்துல கிடைச்சுண்டிருந்த தமிழ் அவ்வளவுதான். அதுவும் போயிருக்கும்."

"நாங்க பேசினதெல்லாம் அவன் கேக்க வேண்டியதா?"

"கேக்க வேண்டியது இல்லைதான்." அவள் குரலிலும் அலுப்பு இருந்தது. "அதைச் சொல்லி உங்களைத் திருத்தற அளவுக்கு எனக்கு அப்போ வயசு இல்லைம்மா. பின்னே வயசு வந்தப்போ தெம்பு இல்லை."

சாவித்ரி அந்தப் பதிலை எடுத்துக்கொண்டு கூடத்துக்குப் போனாள்.

நவநீத் எழுந்து, மாடியிலிருந்து காய்ந்த துணிகளை எடுத்து வந்து தரையில் கொட்டி மடித்துக்கொண்டிருந்தான். அந்த வேலை அவனுடையது. அப்பா, அம்மா, பிரியா, தான் என்று நான்கு அடுக்கு. ஓரங்கள் ஒன்றோடொன்று பொருந்தாவிட்டால் பிரித்து மறுபடி மடிப்பான்.

அவள் எதிரில் சப்பணமிட்டு உட்கார்ந்தாள். ஒரு துண்டை எடுத்து மடித்தாள். நாக்கு மலையாளத்தில் உருண்டது. அதை அடக்கினாள்.

"நவநீத், உனக்குக் காபி வேணுமா?"

அவன் கை நின்றது. அவளைப் பார்க்கவில்லை, அவள் கையிலிருந்த துண்டைப் பார்த்தான்.

"இவனுக்கு வேணும்."

"எனக்கு வேணும்னு சொல்லு கண்ணா."

அவன் யோசித்தான். நெற்றி சுருங்கியது. "அம்மாவுக்கா?"

"இல்லை, உனக்கு."

"எனக்குன்னா அம்மா. இல்லாட்டா அப்பா. எனக்குத் தாங்கலைன்னு சொன்னது அம்மா."

சாவித்ரி துண்டை மடியில் வைத்துக்கொண்டாள். சமையலறை வாசலில் விஷ்ணுப்ரியா வந்து நின்றாள். நான் போடறேன் காபி என்று சைகை காட்டினாள். ஆனால் நகரவில்லை.

"செரி," என்றாள் சாவித்ரி. "அதை மெதுவாப் பார்த்துக்கலாம். வேற என்னெல்லாம் கேட்டிருக்க நீ? அம்மா பேசினது?"

கேட்டிருக்கக் கூடாதோ என்று உடனே தோன்றியது. ஆனால் அவன் முகத்தில் எந்தக் குற்றச்சாட்டும் இல்லை. ஒரு கேள்வி வந்திருக்கிறது, அதற்குப் பதில் இருக்கிறது. அவ்வளவுதான் அவனுக்கு.

"ஒரு நாள், ஒரே ஒரு நாள், இவன் இல்லாம நான் நிம்மதியாத் தூங்கணும் அக்கா," என்றான். அவளுடைய குரல். மூக்கை உறிஞ்சுவதுகூட அவளுடையது. பிறகு தன் குரலுக்கு வந்து கேட்டான். "அம்மா தூங்கியாச்சா?"

"என்னது?"

"அந்த ஒரு நாள். ஆச்சா?"

இத்தனை காலமும் அதை ஒரு தேவையாக நினைவில் வைத்திருக்கிறான். அம்மாவுக்குத் தூக்கம் வேண்டும். கிடைத்ததா என்று இதுவரை கேட்க பாஷை இல்லை.

"இல்லைடா," என்றாள். "இன்னும் ஆகலை. பரவாயில்லை. நீ இருக்கும்போதே தூங்கிக்கறேன்."

அவன் தலையை ஆட்டினான். அப்பாவின் சட்டையை எடுத்துப் பொத்தான் போட்டு மடித்தான். சாவித்ரி கண்ணைத் துடைத்துக்கொள்ளாமல், அது தானாக வடியட்டும் என்று விட்டாள். அழுவதற்குக்கூட அசதியாக இருந்தது. அவன் பக்கத்தில் அப்படியே உட்கார்ந்திருப்பது மட்டும் சுகமாக இருந்தது.

அவன் அடுத்த துணியை எடுத்தான். பிரியாவின் நீலச் சுரிதார். அதை விரித்தபோது அவன் குரல் மறுபடி மாறியது. இந்த முறை வேகமான, தாழ்ந்த, இளம்பெண்ணின் குரல்.

"ஆத்துல சொன்னா இவனைக் காட்டி என்னை இங்கயே நிறுத்திடுவா, ஜானவி. அதான் சொல்லாமலே அந்த வேலையை ஓக்கே பண்ணிட்டேன். ஹைதராபாத். ஜனவரில சேரணும்."

சாவித்ரி திரும்பிப் பார்த்தாள். விஷ்ணுப்ரியா கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். தோழி ஜானவியிடம் மொட்டை மாடியில் பேசியபோது துணிக்கொடி பக்கத்தில் யார் இருந்தார்கள் என்பது அவளுக்கு இப்போதுதான் நினைவுக்கு வந்திருக்க வேண்டும். தம்பிக்குத் தமிழ் புரியும் என்று தெரிந்தவள், அவளும் மறந்திருக்கிறாள்.

"நிஜமா?" என்றாள் சாவித்ரி.

விஷ்ணுப்ரியா இல்லையென்று சொல்லவில்லை. "அப்பா வரட்டும்மா," என்றாள். "ரெண்டு பேரையும் உக்காத்தி வெச்சுச் சொல்றேன்."

வாசலில் வெங்கடேஸ்வரனின் ஸ்கூட்டர் வந்து நின்றது. எஞ்சின் அணைந்த பிறகும் அவன் உள்ளே வராமல் நின்றுகொண்டிருந்தான். பிள்ளையின் முகத்தை எப்படிப் பார்ப்பது என்று அவனுக்கும் தெரிந்திருக்காது.

நவநீத் சுரிதாரின் ஓரங்களைச் சேர்த்து, நீவி, இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு அக்காவின் அடுக்கைப் பார்த்தான்.

"பிரியா துணி அலமாரிலயா," என்று கேட்டான், "பெட்டிலயா?"